சிக்னல் முழுசாகக் காட்டியும் பேச்சு ஏன் அறுபடுகிறது? அலுவலக வைஃபை போனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாடி மருத்துவமனை. நர்ஸ்கள் எல்லோர் கையிலும் வைஃபை போன். இரண்டாம் மாடி வார்டிலிருந்து ஒரு நர்ஸ் டாக்டரிடம் பேசிக்கொண்டே படி இறங்குகிறார். "சார், பி.பி. 90-க்கு..." என்றதும் குரல் நின்றுவிட்டது. ஏழெட்டுப் படி இறங்கிய பிறகு டாக்டரின் குரல் வருகிறது: "என்னம்மா, திரும்பச் சொல்லுங்க." போனை வாங்கிப் பார்த்தேன். சிக்னல் முழுசாகத்தான் காட்டியது.

அதே வைஃபையில் லேப் ரிப்போர்ட், பில்லிங் எல்லாம் இரண்டு வருடமாகச் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்காகப் போட்ட வைஃபை அது. அதன் மேல் போனை ஏற்றியதுதான் பிரச்சினையின் தொடக்கம். நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் கதை இதேதான்.

வெப் பக்கம் அரை விநாடி தாமதமாக வந்தால் யாரும் கவனிப்பதில்லை. தரவு சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பேக்கெட்டுகளாகப் போகிறது; தொலைந்த பேக்கெட்டைக் கம்ப்யூட்டர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பேச்சுக்கு அந்த அவகாசம் கிடையாது. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் பேச்சு பொதுவாக விநாடிக்கு 50 பேக்கெட்டாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் 20 மில்லி விநாடிப் பேச்சு. தொடர்ந்து பத்து பேக்கெட் விழுந்தால் ஓர் எண்ணே காணாமல் போகும். மருத்துவமனையில் அது மருந்தின் அளவாக இருக்கலாம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

குரல் அறுபட்டால் பல நிர்வாகங்கள் முதலில் செய்வது இன்டர்நெட் வேகத்தைக் கூட்டுவது. அந்தப் பணம் வீண். ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 100 கேபிபிஎஸ் (விநாடிக்கு 100 கிலோபிட்) வேகம்கூடத் தேவைப்படாது. கோளாறு போனுக்கும் கூரையில் உள்ள ஏபிக்கும் (வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயின்ட் கருவி) இடையில் இருக்கும்போது, வெளியிலிருந்து வரும் லைனைப் பெரிதாக்கி என்ன பயன்?

சரி, சிக்னல் எவ்வளவு வேண்டும்? சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். மைனஸ் 75 டிபிஎம் இருந்தாலே பிரவுசிங் ஓடிவிடும். பேச்சுக்கு, ஒரு ஏபியின் எல்லை ஓரத்திலும் மைனஸ் 67-க்குக் குறையக்கூடாது என்று வைத்துத்தான் திட்டமிடுவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 8 டிபி (டெசிபல்) தானே என்று நினைக்க வேண்டாம். ஆற்றலில் அது ஆறு மடங்கு. இரைச்சலைவிட 25 டிபியாவது மேலே இருக்க வேண்டும். நடந்துகொண்டே பேசுபவருக்கு, பழைய ஏபி மங்குவதற்கு முன்பே அடுத்த ஏபி நன்றாகக் கேட்டாக வேண்டும்.

அப்படியென்றால் ஏபியின் பவரை முழுசாக ஏற்றிவிடலாமே என்று தோன்றும். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். ஏபி கரண்டில் ஓடுகிறது, உரக்கப் பேசும். போன் பேட்டரியில் ஓடுகிறது, அதன் குரல் சின்னது. ஏபி பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ஏபிக்குப் போய்ச் சேராது. டாக்டர் சொல்வது நர்ஸுக்குக் கேட்க, நர்ஸ் சொல்வது டாக்டருக்குக் கேட்காத ஒருபக்கப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அது மட்டுமில்லை, தூரம் போன பிறகும் பழைய ஏபி பலமாகவே கேட்பதால் போன் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பதற்கு மாறாது. போனின் பவர் எவ்வளவு என்று அதன் விவரக்குறிப்பில் பார்த்து, ஏபியை அதை ஒட்டிய அளவில் வையுங்கள். எல்லா இடத்துக்கும் சிக்னல் எட்டவில்லை என்றால் ஏபிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

ஆனால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏபிகளைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஒன்றோடொன்று மோதாத சேனல் (அலைவரிசையின் ஒரு பகுதி) அங்கே 1, 6, 11 என மூன்றுதான். ஒரே சேனலில் இரண்டு ஏபி இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பேச்சை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 80-இல் விட்டால் நான்கு சேனல் இடத்தை ஒரே ஏபி விழுங்கிவிடும். குரலுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ராடாரும் இருப்பதால், ராடார் தென்பட்டால் ஏபி அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், நடுவில் பேச்சு ஓடினாலும். முதலில் 36 முதல் 48 வரை, அப்புறம் 149-இலிருந்து மேலே என்று பயன்படுத்துவது நல்லது.

ஏபியை வரிசையாக நடைவழியில் மாட்டுவது இன்னொரு பழக்கம். வயர் இழுக்க அது வசதி. ஆனால் நீண்ட நடைவழியில் ஏபிகள் ஒன்றையொன்று நன்றாகக் கேட்டு இடித்துக்கொள்ளும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அந்தப்பக்கம் கட்டிலருகே நிற்பவருக்குத்தான் மங்கலாகக் கிடைக்கும். எக்ஸ்ரே அறைச் சுவரில் ஈயத்தகடு இருக்கும், அதற்குள் அலை நுழையாது.

ரோமிங்கையும், அதாவது நடக்கும்போது போன் ஒரு ஏபியிலிருந்து அடுத்ததற்கு மாறுவதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு வைத்திருக்கும் இடத்தில், ஏபி மாறும்போதெல்லாம் சர்வர் வரை போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தால் பேச்சில் பெரிய ஓட்டை விழும். 2008-இல் வந்த 802.11ஆர் என்ற வைஃபை தரநிலை இந்த நேரத்தைச் சுருக்குகிறது. ஆனால் போனும் அதை ஏற்க வேண்டும். சில பழைய கருவிகள் அதைப் பார்த்ததும் இணையவே மறுக்கும். ஒரு வார்டில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோங்கள். குரலுக்கு வைஃபையில் முன்னுரிமை கொடுத்தால் போதாது, ஏபிகளை வயரால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சிலும் அது தொடர வேண்டும். ஏபிக்குக் கரண்டும் பெரும்பாலும் அந்த சுவிட்ச் வழியாகத்தான் வரும், அதனால் மாடியில் உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்கு யூபிஎஸ் உண்டா என்றும் பாருங்கள். கரண்ட் போனால் போனில் சார்ஜ் இருக்கும், ஏபி இருக்காது.

படிக்கட்டுக்கு வருவோம். வைஃபை போடும்போது சிக்னலை அளந்து சர்வே எடுத்தவர் லேப்டாப்போடு நடந்திருக்கிறார், தீத்தடுப்பு இரும்புக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்துவிட்டு. தினசரி வாழ்க்கையில் அந்தக் கதவு மூடியே இருக்கும். அளந்த இடம் வேறு, ஆட்கள் நடக்கும் இடம் வேறு. லேப்டாப்பின் ஆன்டெனாவும் போனின் ஆன்டெனாவும் ஒன்றல்ல. காதோடு ஒட்டிப் பிடிக்கும்போது தலையும் கையும் சிக்னலைக் குடிக்கும். அதனால் நாங்கள் போனிலேயே சோதித்தோம். ஒருவர் காதில் போனை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடக்க, மறுமுனையில் ஒருவர் விழுந்த எண்களைக் குறித்துக்கொண்டார். எங்கே விழுந்தது என்பது படியோடு துல்லியமாகத் தெரிந்துவிட்டது. கதவு சாத்திய நொடியில் 17, 18, 19.

படித்தளத்தில் குறைந்த பவரில் ஒரு ஏபி மாட்டி, இரு வார்டு ஏபிகளின் பவரையும் இறக்கினோம். கதவு மூடிய நிலையில் திரும்ப எண்ணியபோது 60 வரை ஒன்றும் விழவில்லை. லிஃப்டுக்குள் மட்டும் இன்னும் விழுகிறது. கூண்டு முழுக்க இரும்பு. அதற்குத் தனி வேலை செய்யும் வரை, மருந்து விவரத்தை லிஃப்டில் சொல்ல வேண்டாம் என்று நர்ஸ்களிடம் சொல்லியிருக்கிறோம்.