வீட்டில் வேலையா? முதலில் மேசையை அளந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜொஹானஸ்பர்க்கிலும் பலருக்குச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். மதியத்துக்கு மேல் வேலையில் தப்பு கூடுகிறதென்றால் சோம்பல் என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். வலியோடு உட்கார்ந்திருக்கும் உடம்பில் கவனம் நிற்காது.

சாப்பாட்டு மேசை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து டைப் செய்ய, நம்மில் பலருக்கு அது அதிகம். தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், சாயங்காலத்துக்குள் கழுத்து இறுகிவிடும். மேசையைக் குறைக்க முடியாது. ஆகவே முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை கெட்டியான மெத்தை போட்டு உட்காருங்கள். பஞ்சு மெத்தை அரை மணியில் அமுங்கிவிடும். பாதம் தொங்கினால் தொடை அழுந்திக் கால் மரத்துப்போகும். அடியில் ஒரு பலகை வையுங்கள்.

லேப்டாப்பின் சிக்கல் வேறு. திரையை உயர்த்தினால் கீபோர்டும் கூடவே ஏறிவிடும். எனவே தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் வையுங்கள். விலை உயர்ந்த நாற்காலியைவிட இதுதான் முதல் செலவு. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். பைஃபோக்கல் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து வலிக்கும்.

இங்கே வெயில் வடக்கு ஜன்னல் வழியாக வரும். நம் குளிர்காலமான ஜூன், ஜூலையில் சூரியன் தாழ்வதால் வெயில் மேசைவரை நீளும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு உட்காருங்கள். ஜொஹானஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் கண் எரிச்சல் கூடும். திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி தூரமாகப் பாருங்கள்.

மின்வெட்டுக்கு ரவுட்டரை மட்டும் மினி யூபிஎஸ்ஸில் (அடாப்டருக்குப் பதில் நேராகக் கருவியில் செருகும் பேட்டரிப் பெட்டி) போட்டால் போதாது. ஃபைபர் வந்து சேரும் சுவர்ப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டின் அடாப்டரிலும் வோல்ட் அளவைப் படித்துவிட்டு இணையுங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், சிலது 9. அளவு மாறினால் கருவி கெட்டுப்போகும்.

நேரத்தையும் கவனியுங்கள். சென்னையில் காலை 9 மணி என்றால் இங்கே 5.30. லண்டனின் மாலை 5, அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு 7. இரண்டு ஊருக்கும் பதில் சொல்லப்போனால் நாள் 13 மணி நேரத்தைத் தாண்டிவிடும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணிதான்; குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு அது பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள், தங்களை எந்த நேரம்வரை அழைக்கலாம் என்பதை மேலாளரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.