மாடி அறைக்குக் காற்று வரவில்லையா? ஃபர்னஸை மாற்றுவதற்கு முன் பேஸ்மென்ட் கூரையைப் பாருங்கள்

ஜனவரியில், கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் புகார் உண்டு. கீழே வெக்கையாக இருக்கும், மாடியில் ஒரு அறை மட்டும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு படுக்கிற அளவுக்குக் குளிரும், ஜூலையில் ஏசி போட்டால் அதே அறைதான் புழுங்கும். பேஸ்மென்டில் காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புகிற ஃபர்னஸைப் பெரிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று விற்க வருபவர் சொல்வார். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அந்த அறை கராஜுக்கு மேல் இருந்தால் இன்சுலேஷன் குறைவாகவும் இருக்கலாம், அது வேறு கதை. ஆனால் ஜன்னல் அடியில் காற்று வருவதற்கு இருக்கிற துளையில் கை வைத்தால் காற்றே தெரியவில்லை என்றால், கோளாறு குழாய் வழியில்தான்.

ஃபில்டர் அழுக்கா, அறைக் காற்றை ஃபர்னஸுக்குத் திரும்ப இழுக்கிற ரிட்டர்ன் துளையைத் தளபாடம் ஏதாவது மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு அங்குலத் தடிப்பில், நுண்தூசியையும் பிடிக்கிற மெர்வ் 13 தர ஃபில்டர் போட்டிருந்தால் அதுவே பல வீடுகளில் காற்றை நெரித்துவிடும். அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்குங்கள்.

கணக்கு இதுதான். வீட்டு ஃபர்னஸின் ஊதி, அதாவது காற்றைத் தள்ளுகிற விசிறி, பெரும்பாலும் 0.5 அங்குல நீர் அழுத்தத்துக்கு (அரை அங்குல உயர நீர் தருகிற அழுத்தம்) வடிவமைக்கப்பட்டது. அதில் பெரும்பங்கை ஃபில்டரும், காற்றைக் குளிர்விக்கிற ஏசி காயிலும் தின்றுவிடும், மிச்சம் இருக்கிற கொஞ்ச அழுத்தத்தை வைத்துத்தான் காற்று எல்லா அறைக்கும் போக வேண்டும். நேரான தகரக் குழாயில் இழப்பு அதிகமில்லை, திரும்புகிற இடத்திலும் பிரிகிற இடத்திலும்தான் தின்னும். அதனால் குழாய் வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு வளைவையும் இத்தனை அடி நேர்க் குழாய்க்குச் சமம் என்று எண்ணுவார்கள். துளைக்கு அடியில் வரும் பெட்டி, 'பூட்' என்பார்களே, அதன் வடிவத்தைப் பொறுத்து அது ஒன்றே 30 முதல் 80 அடிக்குச் சமமாகிவிடும். டேப் வைத்து அளந்தால் 25 அடி இருக்கிற வழி, காற்றுக்கு 150 அடியாக இருப்பது இப்படித்தான்.

ஃபர்னஸ் பக்கத்திலிருந்து தொடங்கி, குளிர்கிற அறைக்குப் போகும் குழாயைக் கடைசி வரை கண்ணால் பின்தொடருங்கள். பெரிய நடுக்குழாயிலிருந்து கிளை பிரிகிற இடத்தில் வெறுமனே வட்டமாக வெட்டி நேராகச் சொருகியிருந்தால் காற்று நிறைய அதைத் தாண்டி ஓடிவிடும், சரிவாக அகன்ற வாயுள்ள டேக்-ஆஃப் என்கிற இணைப்புத் துண்டு போட்டால் உள்ளே திரும்பும். நடுக்குழாயின் மூடிய முனையிலோ அதற்கு ஓரடிக்குள்ளோ கிளை எடுத்திருந்தாலும் பங்கீடு குழம்பும். கூரான 90 டிகிரி திருப்பம் இருந்தால், இடம் இருக்கிறபட்சத்தில் இரண்டு 45 டிகிரியாக மாற்றுங்கள். உத்தரத்துக்கு அடியில் நுழைக்க வேண்டி 6 அங்குலக் குழாயை 5 ஆக்கியிருக்கிறார்களா? ஒரு அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் பரப்பு 30 சதவீதம் போய்விடும். ஒழுங்காகப் போட்ட 6 அங்குலக் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 100 கன அடி தரும், இரண்டரை டன் ஏசிக்குச் சுமார் 1000 கன அடி வேண்டும், நல்ல கிளைகள் எத்தனை தேவை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வளைகிற ஃபிளெக்ஸ் குழாய் இருந்தால் இழுத்து நேராக்கி, மிச்சத்தை வெட்டிவிட்டு, 4 அடிக்கு ஒரு பட்டி போட்டுத் தாங்குங்கள். சுருக்கம் விட்ட ஃபிளெக்ஸில் இழப்பு பல மடங்கு ஏறும்.

இணைப்புகளுக்கு வருவோம், காசு குறைவாகச் செலவழித்துப் பெரிய பலன் காண்பது இங்கேதான். சாதாரண வீட்டில் குழாய்க்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவில் போகிறது என்று அமெரிக்காவின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்கிறது. ஊதியை ஓடவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் பிடியுங்கள். அனுப்புகிற குழாயில் ஓட்டை இருந்தால் புகை தள்ளப்படும், ரிட்டர்னில் உள்ளே இழுக்கப்படும். சுருக்கு மடிப்புள்ள முனை காற்று போகும் திசையில் இருக்க வேண்டும், வட்ட மூட்டுக்கு மூன்று திருகாணி, அதன்மேல் பிரஷால் மாஸ்டிக் என்கிற அடைப்புப் பசை. கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி என்றால் வலைநாடா வைத்துப் பூசுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் வேண்டவே வேண்டாம். 1998-லேயே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சோதித்து, மற்ற ஒட்டுகள் தாக்குப்பிடித்த இடத்தில் அது உரிந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டது. டேப்தான் வேண்டும் என்றால் யூஎல் 181 என்ற தரக் குறி அச்சிட்ட அலுமினிய டேப் வாங்குங்கள். பழைய வீட்டில் மூட்டைச் சுற்றி வெள்ளைக் காகிதம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பரிசோதிக்கக் கொடுங்கள்.

ரிட்டர்னை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு உத்தரங்களுக்கு நடுவே தகரம் அடித்து அதையே குழாயாக்குவது இங்கே வழக்கம், ஓரமெல்லாம் ஓட்டை. ஃபர்னஸ் அறையில் அது கசிந்தால், புகைபோக்கி வழியாக இயல்பாகப் புகை போகிற பழைய வாட்டர் ஹீட்டரின் புகையைத் திருப்பி வீட்டுக்குள் இழுக்கக்கூடும். அந்த ஓட்டைகளை முதலில் அடைத்துவிடுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டேம்பரை, அதாவது குழாய்க்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகட்டை, தொட வேண்டும். கிளையின் தொடக்கத்தில் இருக்கிற அதன் சின்னக் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது. சூடு மிஞ்சுகிற அறையுடையதைக் கொஞ்சம் திருப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கோடைக்கு வேறு நிலை வேண்டியிருக்கும், மார்க்கரால் இரண்டையும் தகரத்திலேயே குறித்துவிடுங்கள். நிறைய அடைத்தால் குளிர்காலத்தில் ஃபர்னஸ் சூடேறித் தானே நிற்கும், கோடையில் காயில் ஐஸ் கட்டும்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடக் கூரை அடிக்கப்போகிறீர்களா, அப்படியென்றால் டிரைவால் ஏறும் முன்பே இவ்வளவும் முடியட்டும். தலை இடிக்கிறது என்று குழாயைத் தட்டையாக்கச் சொல்லும் ஆளிடம், எந்த அளவுக்குப் பதில் எந்த அளவு என்று எழுதி வாங்குங்கள். எரிவாயு இணைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், அது ஒன்டாரியோவில் லைசென்ஸ் உள்ளவர் வேலை. அவர் வரும்போதே குழாயின் காற்றழுத்தத்தையும் அளக்கச் சொல்லி, ஃபர்னஸ் கதவில் ஒட்டியிருக்கிற லேபிளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.