கடைக் கட்டடத்துக்கு 15 கேவிஏ ஜெனரேட்டர்: எங்கே ஆரம்பிப்பது?

கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்கு மேலே ஆடிட்டர் ஆபீஸ், பின்னால் ஒரு போர் மோட்டார். இந்த மாதிரிக் கட்டடத்துக்கு டீசல் ஜெனரேட்டர் வைக்கும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன். வயரிங்கை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் விடுங்கள், ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கிற அளவுக்காவது உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை லோடு பார்ப்பது. கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறன். 15 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் (அந்தத் திறனில் நிஜமாக வேலைக்கு ஆகும் பங்கு) 12 கிலோவாட், ஒரு பேஸுக்கு (கரண்ட் வரும் மூன்று வயர்களில் ஒன்று) சுமார் 21 ஆம்பியர். எல்லாக் கடையும் திறந்து ஏசி ஓடுகிற மத்தியான நேரத்தில் வயர்மேனை டாங் டெஸ்டரோடு (வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) வரச்சொல்லி மூன்று பேஸையும் அளக்கச் சொல்லுங்கள். ஆர் பேஸில் 19, ஒய்யில் 8, பி-யில் 6 என்று வந்தால், மொத்தம் குறைவுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஆர் பேஸ் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது, அதிலிருந்து ஒரு ஏசியைப் பி-க்கு மாற்றியாக வேண்டும்.

அப்புறம் மோட்டார். 5 எச்பி மோட்டார் ஓடும்போது 8 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்கெல்லாம் மங்கி, இன்ஜின் திணறும். என்னைக் கேட்டால் போர் மோட்டாரை ஜெனரேட்டரில் சேர்க்கவே வேண்டாம், மேல் தொட்டித் தண்ணீர் போதும். அதற்காக 30 கேவிஏ வாங்கவும் வேண்டாம்: 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் தினமும் ஓடினால் எரியாத டீசல் சைலன்சரில் கருப்புப் பிசினாகப் படியும்.

இடம்? திறந்த வெளி. பேஸ்மென்ட் வேண்டாம், மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மழைத் தண்ணீர் ஏறாத கான்கிரீட் மேடை போடுங்கள், சூடான காற்று வெளியே வரும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. புகைக்குழாய் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கட்டட உயரத்தோடு, கேவிஏ-வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 10 மீட்டர் கட்டடத்துக்குச் சுமார் 10.8 மீட்டர் வரும். கனோப்பி (ஜெனரேட்டரை மூடியிருக்கும் சத்தம் தடுக்கும் கூடு) போட்ட பிறகு சத்தம் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

எர்த் பிட் (எர்த் வயரை மண்ணோடு இணைக்கும் குழி) நான்கு: பாடிக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு.

இப்போது சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது கட்டடத்தை ஈபி (மின்வாரிய) சப்ளையிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச். இங்கே மட்டும் தயவுசெய்து காசு பார்க்காதீர்கள். ஒரு கடையில் அதற்குப் பதிலாக இரண்டு தனித்தனி எம்சிபி (சாதாரண பிரேக்கர் சுவிட்ச்) போட்டு, நடுவே 'மெயினை ஆஃப் செய்துவிட்டு இதைப் போடவும்' என்று பேப்பர் ஒட்டியிருந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. யாராவது ஒருநாள் மறந்தால் ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாகத் தெரு லைனுக்குப் போகும், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகலாம், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். நான்கு போல் உள்ள சுவிட்ச் வாங்குங்கள், நியூட்ரலும் சேர்ந்து பிரிய வேண்டும். ஒரே கைப்பிடி, ஈபி பக்கம், நடுவில் ஆஃப், ஜெனரேட்டர் பக்கம். இரண்டும் ஒன்றாகச் சேரவே வழியில்லாத அமைப்பு அது.

லோடு கொடுப்பதற்கு முன் பேஸ் வரிசை ஈபியோடு ஒத்துப்போகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், மாறியிருந்தால் மூன்று பேஸ் மோட்டார்கள் எதிர்த்திசையில் சுற்றும். ஜெனரேட்டர் பக்கம் இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். பிறகு ஒவ்வொரு தளமாகச் சேர்த்து, வோல்டேஜும் 50 ஹெர்ட்ஸும் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

கரண்ட் போகாவிட்டாலும் வாரம் ஒருமுறை லோடோடு 15 நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அன்றைக்கே துடைத்து வாசலின் தடவிவிடுங்கள், அவசரத்துக்கு ஜெனரேட்டர் கிளம்பாமல் போவது பெரும்பாலும் பேட்டரியால்தான்.