மலக்குடல் புற்றுநோய்க்கு ரேடியேஷனா? போவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஆபரேஷனுக்கு முன்பே ரேடியேஷன் எழுதிக் கொடுத்தால், நோய் முற்றிவிட்டது போல என்று பதறாதீர்கள். கட்டியைச் சுருக்கவும் அதே இடத்தில் நோய் திரும்ப வராமல் தடுக்கவும்தான் பலருக்கு முதலிலேயே கொடுக்கிறார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறுகிய முறை என்றால் 5 நாள், மொத்தம் 25 கிரே (கதிரை அளக்கும் அலகு). நீண்ட முறை என்றால் வாரத்துக்கு 5 நாள் வீதம் ஐந்து, ஆறு வாரம், 45 முதல் 50.4 கிரே, கூடவே பெரும்பாலும் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை. அந்த மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இனிமேல் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? விந்தணு, கருமுட்டை சேமிப்பது பற்றி டாக்டரே பேச்செடுப்பார் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள், தொடங்கிவிட்டால் தாமதமாகிவிடும்.

முதலில் சிடி ஸ்கேன் எடுத்து இடுப்பில் சின்னச் சின்ன அடையாளப் புள்ளிகள் வைப்பார்கள். சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டு அதன் மேல் கதிர் படுவது குறையும். ஸ்கேன் அன்றைக்குக் குடித்த அதே அளவு தண்ணீரை, அதே இடைவெளி விட்டு, தினமும் குடியுங்கள். கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான், வலிக்காது. வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம்.

நீண்ட முறையில் இரண்டாம், மூன்றாம் வாரம் வாக்கில் அசதி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், போய்வந்த உடனே மறுபடி மலம் வருவது போன்ற முட்டல் எல்லாம் தொடங்கும். குறுகிய முறையில் சிகிச்சை முடிந்த பிறகுகூட வரலாம். ஆசனவாயைச் சுற்றித் தோல் புண்ணானால் காகிதத்தால் துடைக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், கேட்காமல் எந்தக் களிம்பும் வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு, அதிக ரத்தம், சிறுநீர் அடைப்பு என்றால் அன்றே சொல்லுங்கள். கேப்சிடபைன் சாப்பிட்டுவரும் நாட்களில் நெஞ்சு வலித்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், பிறப்புறுப்பு இறுகலாம். அதற்கும் வழி இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

நீண்ட முறை முடிந்து பெரும்பாலும் சில வாரங்கள் விட்டுத்தான் ஆபரேஷன், கட்டி அதற்குள் இன்னும் சுருங்கும். சிலருக்கு அது முழுவதும் மறைந்து, ஆபரேஷன் இல்லாமலே கண்காணிப்பில் வைப்பதும் உண்டு. அப்படியென்றால் ஸ்கேன், எண்டோஸ்கோபி தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.