பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் அருவில குளிக்க வர்றவங்களுக்கு

எங்க ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். லீவு விட்டா போதும், சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்கன்னு யாராவது போன் போட்டு அகஸ்தியர் அருவில தண்ணி விழுதா, மணிமுத்தாறுல குளிக்க விடுறாங்களான்னு கேப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத இங்க மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல எப்ப வரணும்னு பாப்போம். குற்றாலம் சிற்றாத்துல இருக்கு, தென்மேற்கு பருவமழை வந்தாதான் அங்க சீசன், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல் அடிக்கும். பாபநாசம் அப்படி இல்ல, தாமிரபரணி பொதிகை மலைல பொறந்து வர்ற ஆறு, ரெண்டு பருவமழையும் அதுக்கு உண்டு, அதனால குற்றாலம் காஞ்சு கெடக்குற ஏப்ரல் மாசத்துலயும் அகஸ்தியர் அருவில தண்ணி விழும். மணிமுத்தாறுக்கு பெரும்பாலும் வடகிழக்கு பருவமழைதான். ஆனா அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும் நம்பி கெளம்ப முடியாது, பாதி நாளு வெள்ளம்னு குளிக்க தடை போட்டுருவாங்க. என்னைய கேட்டா பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் அருமையான நேரம், மழை ஓஞ்சு தண்ணி தெளிஞ்சு அடில கெடக்குற கூழாங்கல்லு கூட தெரியும், கூட்டமும் கம்மியா இருக்கும்.

கெளம்புறதுக்கு முந்தின நாளு அணை நீர்மட்டம் பாருங்க. திருநெல்வேலி பதிப்பு பேப்பர்ல தினமும் வரும், பாபநாசம் அணை மொத்தம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இதுல நீங்க பாக்க வேண்டியது அடிக்கணக்க விட நீர்வரத்தும் வெளியேற்றமும். வரத்து நேத்தைய விட திடீர்னு ஏறியிருந்தா மேல நல்ல மழைன்னு அர்த்தம், வெளியேற்றம் கூடியிருந்தா ஆத்துப் படித்துறைல எல்லாம் தண்ணி ஏறி இழுப்பு ஜாஸ்தியா இருக்கும். கார், பிசானம்னு நெல்லு நடவு நேரத்துல மழையே இல்லாட்டாலும் பாசனத்துக்கு தண்ணி தொறப்பாங்க, அது தெரியாம போன மாசம் இடுப்பளவு இருந்துச்சேன்னு பிள்ளைகள எறக்கி விட்டுறாதீங்க.

வர்ற வழி சுலபந்தான். திருநெல்வேலி செங்கோட்டை ரயில்ல அம்பாசமுத்திரத்துல எறங்கலாம், இல்லாட்டி நெல்லை புது பஸ் ஸ்டாண்டுல இருந்து பாபநாசத்துக்கு பஸ் இருக்கு. சொந்த வண்டின்னா காலைலயே வந்துருங்க. பாபநாசத்துக்கு மேல எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988ல அறிவிச்சது, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் இதுதான், அதனால வனத்துறை செக்போஸ்ட்ல நிப்பாட்டி பையெல்லாம் பாப்பாங்க. பிளாஸ்டிக், பாட்டில், சோப்பு, ஷாம்பு எதுவும் கொண்டு வராதீங்க, எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னா வீட்டுலயே குளிச்சுக்கோங்க. கட்டணத்துக்கு சில்லறையா பணம் வச்சுக்கோங்க, மேல போக போக சிக்னல் கெடைக்காது. புலிகள் கணக்கெடுப்பு நடக்குற நாள்ல உள்ள விடமாட்டாங்க, அதையும் விசாரிச்சுட்டு கெளம்புங்க. எப்படியும் இருட்டுறதுக்கு முன்னாடி கீழ எறங்கிறணும்.

செக்போஸ்ட் தாண்டி கொஞ்ச தூரத்துலயே அகஸ்தியர் அருவி. வயசானவங்க, பிள்ளைகளோட வந்தா இது ஒண்ணே போதும்னு சொல்லுவேன், கம்பி போட்டுருக்கு, புடிச்சுக்கிட்டு நிக்கலாம். மேல ஏறிப் போனா கல்யாணி தீர்த்தம், அங்க பாக்கலாம், குளிக்க எறங்காதீங்க, ஆழம் வெளிய தெரியாது. குரங்கு பைய புடுங்கும், தின்பண்டத்த கைல வச்சுக்கிட்டு நடக்காதீங்க, பாவப்பட்டு போடவும் வேண்டாம், போட்டு பழக்கி பழக்கித்தான் அதுங்க இப்படி ரோட்டுல உக்காந்துருக்கு.

இன்னும் மேல காரையாறு போற வழில சொரிமுத்து அய்யனார் கோயில், ஆத்தங்கரைலயே இருக்கு, அங்க இருக்குற பட்டவராயன் சாமிக்கு செருப்பு காணிக்கையா கட்டித் தொங்க விட்டுருப்பாங்க, கட்டாயம் பாருங்க. ஆடி அமாவாசை சமயத்துல மட்டும் அருவி குளிக்கன்னு வராதீங்க, அப்ப அது கோயிலுக்கு வர்ற ஜனங்களோட நேரம், குடும்பம் குடும்பமா வந்து தங்கியிருப்பாங்க. பாணதீர்த்தம் அருவி, காரையாறுல இருக்குற பாபநாசம் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கு, ரொம்ப வருஷமா அங்க குளிக்க விடுறதில்ல, அத நம்பி பிளான் போட வேண்டாம்.

மணிமுத்தாறு அருவி வேற பாதை, அணைய தாண்டி மாஞ்சோலை போற மலை ரோட்டுல வரும். அருவிக்கு முன்னாடி பெரிய கசம், அதாவது ஆழமான மடு ஒண்ணு இருக்கு, பாக்க அமைதியா பச்சையா அழகா இருக்கும், நீச்சல் தெரியும்னு அதுல குதிச்சுறாதீங்க. கம்பி கட்டுன எடத்துல மட்டும் குளிங்க. மாஞ்சோலை வரைக்கும் போகணும்னா வனத்துறைகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

இப்ப சொல்லப் போறத தயவுசெஞ்சு கவனமா படிங்க. கீழ வெயில் சுள்ளுன்னு அடிக்கும்போதே மேல மலைல மழை கொட்டும், அந்தத் தண்ணி பாறைல வழுக்கிட்டு வந்து சேர கொஞ்ச நேரந்தான் ஆகும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல அப்படித்தான் திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசு பையன் ஒருத்தன் போயிட்டான். எங்க ஆச்சி சொல்லிக் கொடுத்தது, தண்ணி வர்றத தண்ணியே சொல்லும். தெளிவா இருந்தது லேசா கலங்கி டீ மாதிரி நெறம் மாறும், சருகும் சுள்ளியும் அடிச்சுட்டு வரும், சத்தம் கனமாகும், நீங்க நின்ன படி ஒண்ணு முங்கியிருக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் துண்டு செருப்பு எதையும் எடுக்காம ஏறிருங்க, பக்கவாட்டுல மேடான எடத்துக்கு, ஆத்தோட போக்குல ஓடாதீங்க. நான் காலேஜ் படிக்கும்போது அகஸ்தியர் அருவில ஒரு தடவ தண்ணியோட ஒரு பச்சக் கொப்பு வந்து என் தோள்ல அடிச்சுச்சு, இலை கூட வாடல, கூட நின்ன பெரியவர் அத பாத்துட்டு எல்லாரும் ஏறுங்கன்னு சத்தம் போட்டாரு, நாங்க ஏறி நின்னு திரும்பி பாக்கையில கம்பியே தெரியல.

பாறைல பச்சையாவோ கருப்பாவோ மினுங்குற எடத்துல கால வைக்காதீங்க, அது பாசி. ரப்பர் செருப்பு போட்டு ஏறுறத விட வெறுங்காலு நல்லது.

அப்புறம் பாபநாசம் படித்துறை. கோயிலுக்கு போயிட்டு மீனுக்கு பொரி போடுங்க, சந்தோஷமா இருக்கும். ஆனா பரிகாரம்னு சொல்லி கட்டிக் குளிச்ச துணிய ஆத்துலயே விட்டுட்டு போறத நிறுத்தணும். போன வருஷம் நான் குளிச்சிட்டு இருக்கும்போது கால்ல என்னமோ சுத்துச்சு, பாம்புன்னு பதறி இழுத்தா ஒரு முழு சேலை, பாதி மணலுக்குள்ள, மீதி என் கணுக்கால்ல. இழுக்க இழுக்க வருது, கூடவே ஒரு வேட்டி, ஒரு சின்னப் பிள்ளை சட்டை. நீச்சல் தெரியாத ஆளு கால்ல அது சுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும். இந்தத் தண்ணியத்தான் நெல்லைலயும் தூத்துக்குடிலயும் குடிக்கிறாங்க, புன்னக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் இத நம்பி வயலும் ஊரும் இருக்கு. பழைய துணிய பைல போட்டு வீட்டுக்கே எடுத்துட்டு போங்க, சாமி கோவிச்சுக்காது.

மத்தியானம் அம்பாசமுத்திரத்துல சாப்பிட்டுட்டு, கல்லிடைக்குறிச்சில அப்பளம் வாங்கிக்கோங்க. நேரம் இருந்தா வீரவநல்லூர் பக்கம் திருப்புடைமருதூருக்கு விடுங்க. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள பழைய சுவர் ஓவியம் இருக்கு, ஆத்தங்கரை மரத்துல எல்லாம் நாரையும் கொக்கும் அடையும். கோயில பாத்துட்டு ஒரு அஞ்சரை மணிக்கு படித்துறைல வந்து உக்காருங்க, ஹாரன் அடிக்காம, பாட்டு போடாம. பறவைங்க ஒண்ணொண்ணா வந்து எறங்க ஆரம்பிக்கும்.