குற்றாலம் வறண்டிருந்தால் பாபநாசம் போங்கள்

சீசன் இல்லாத மாதத்தில் அருவிக் குளியலுக்காகத் திருநெல்வேலிப் பக்கம் வருகிறவர்கள், தென்காசிக்கு டிக்கெட் எடுக்காமல் அம்பாசமுத்திரத்தில் இறங்கிவிடுங்கள். செங்கோட்டை பாசஞ்சர் ரயில் அங்கே நிற்கும். அங்கிருந்து பாபநாசத்துக்கு பஸ் உண்டு. அகத்தியர் அருவி அதற்குச் சற்று மேலே. வாடகைக் கார் செலவு மிச்சம்.

குற்றாலத்து அருவி சிற்றாற்றில் விழுவது. மேலே தேக்கிவைக்க அணை இல்லை. தென்மேற்குச் சாரல் நின்றுவிட்டால் சில வாரங்களில் பாறைதான் மிஞ்சும். அகத்தியர் அருவியில் விழுவதோ தாமிரபரணி. இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. போதாததற்கு மேலே 143 அடி காரையாறு அணை வேறு. பங்குனி வெயிலிலும் தலையை நனைக்கத் தண்ணீர் இருக்கும்.

அருவி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பைகளைக் கீழேயே விட்டுவிட்டுக் காலையிலேயே போய்விடுவது நல்லது. மாலையில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த யோசனையை மறந்துவிடுங்கள். குற்றாலத்தின் அந்தச் சாரலை விட்டுவிட்டுப் பாபநாசம் வருவது, அல்வாக் கடை வாசலில் நின்று கடலை மிட்டாய் கேட்பதுபோல. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம் மலைப்பாதையை அடைத்துவிடும். தனியார் வாகனங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு.