மூட்டையில் இருப்பது வேறு, உடம்பில் ஏறியது வேறு

நிலக்கடலை போன்றவற்றில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு மனிதர் உடம்பில் எவ்வளவு சேருகிறது என்று அளக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கோட்டைவிடுவது கேள்வி கேட்பதில்தான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டில், "கடலை சாப்பிடுவீங்களா?" என்று கேட்டேன். "எங்க வீட்ல யாரும் அவ்வளவா திங்க மாட்டாவ தம்பி" என்றார் அந்த அக்கா. அவர் பின்னால் மிக்சியில் இட்லிக்குக் கடலைச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தது! சட்னி, பொடி, மிளகாய் வத்தல், செக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பாலையும் விடாதீர்கள். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 வரும்; தின்ற நஞ்சு உடம்புக்குள் மாறி வெளிவரும் வடிவம் அது. அதற்கு நம் நாட்டில் உச்சவரம்பே உண்டு, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

அடுத்தது மூட்டை. நிலக்கடலைப் பருப்பைத் தட்டில் பரப்பினால் எல்லாம் ரோஸ் நிறத்தில் நன்றாகத்தான் இருக்கும். நடுவே ஒன்று மட்டும் சுருங்கிக் கறுத்து, மஞ்சள்பச்சைப் பொடி படிந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான பருப்பில் நஞ்சு ஏறியது சிலவே, ஆனால் மொத்த நஞ்சும் பெரும்பாலும் அவற்றில்தான். மேலாக ஒரு கைப்பிடி அள்ளினால் அது அகப்படாமலே போகலாம். மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக் கலந்த பிறகுதான் சோதனைக்கு ஒரு பங்கு எடுக்க வேண்டும். வறுத்தாலும் நஞ்சு கொஞ்சம் குறையுமே தவிர முழுதாகப் போகாது. அதனால் பச்சைக் கடலையோடு, தட்டில் விழும் சாப்பாட்டையும் சோதியுங்கள்.

சரி, உடம்பில் எப்படிப் பார்ப்பது? சிறுநீரில் உள்ள எம்1 கடந்த ஓரிரு நாள் சாப்பாட்டைத்தான் சொல்லும். இரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டிய அஃப்ளாடாக்சின் இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லும். ஒரு காலைச் சிறுநீரை வைத்து ஒருவரின் வருடக் கணக்கை எழுதுவது பெரிய பிழை. வெயிலில் கடலை பறித்துவிட்டு, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வருபவரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும். சிறுநீரில் கழியும் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவின் அளவைப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் நஞ்சு கூடுதலாகத் தெரியும்.

கருவிக்கு எட்டாத அளவைப் பூஜ்ஜியம் என்று போடாதீர்கள். தாய்ப்பாலிலும் எம்1 வரும் என்பதால் கைக்குழந்தையைக் கணக்கிலிருந்து விடாதீர்கள். அப்புறம், சித்திரையில் ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய மூட்டையைப் பிரித்துச் சாப்பிடும் நாட்களில் அதே வீட்டுக்கு மறுபடி போங்கள்.